சாக்கடலில் பேச்சுவார்த்தை

ஏப்ரல் 7, திங்கள்
அம்மான் நகரம், ஜோர்டான்

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் விசில்தான் ஊதினேன். பேனா பிடித்தது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மட்டும். ஆனால் பேச ஆளில்லாத ஊரில் மனிதன் என்ன செய்வான்? விடுதி அறை மேசைமேல் ஒரு தாள்கட்டும் பேனாவும் வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டேன்.

பேச ஆளில்லை என்று எழுதினேன். இதே அறையில் என் மனைவி பருவதம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறாள். அவள் என்னோடு பேசுவதில்லை. நானும் அவளோடு பேசுவதில்லை. முதலில் நிறுத்தியது யார் என்றால், அவள்தான். முதலில் தொடங்க வேண்டியது யார் என்றால், அதுவும் அவள்தான். இதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

நடந்தது இதுதான். மகள் கோகிலா எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசாக இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். எங்கள் ஊர் கோபியைத் தாண்டி நாங்கள் ஜோடியாகப் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. கோயமுத்தூர் விமான நிலையத்தில் பைகளைச் சோதித்த அதிகாரி, ஒரு பைக்குள் கையை விட்டுத் தேங்காய்த் துருவி ஒன்றை வெளியே எடுத்தார். மேசையில் திருகி மாட்டுகிற வகை, சுற்றிலும் பல்லுப் பல்லாக இருக்கும். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இது யாருதுங்க?" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

வெளிநாட்டில் சட்னிக்கு வழியிருக்குமோ என்னவோ என்று பருவதம் அதைச் சேலைக்குள் சுற்றி வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. ஆகவே நான், "தெரியாதுங்க சார்" என்றேன். உண்மைதானே? அவர் அடுத்தபடியாக, "அந்தம்மா உங்களோட வந்தவங்களா?" என்றார். வாய் ஏற்கெனவே ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருந்ததால் அதற்கும், "தெரியாதுங்க சார்" என்று வந்துவிட்டது.

அவ்வளவுதான் விஷயம். துருவியை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்கள். இதற்குப் போய் ஒரு மனுஷி இத்தனை கோபப்படுவாளா? விமானத்தில் உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஊருக்குத் திரும்புனதும் நான் நேரா என்ற அண்ணன் ஊட்டுக்குத்தான் போவேன். என்னைத் தெரியாதவங்க ஊட்டுல எனக்கென்ன வேலை?"

அதன்பிறகு ஒரு வார்த்தை இல்லை.

போகட்டும். அவள் அண்ணன் வீடு சத்தியமங்கலத்தில். நல்ல காற்று, நல்ல தண்ணீர். எனக்கும் சமையல் தெரியும். வெந்நீர் நன்றாக வைப்பேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் எழுந்தபோது என் ரத்தக் கொதிப்பு மாத்திரை உறை பிரித்து, தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. இந்த விடுதிக்காரர்கள் வெகு கவனமானவர்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றால் பேச்சு நிற்காது, சுற்றிக்கொண்டு போகும். ஊரில் எங்களுக்குக் கருப்பன் என்று ஒரு நாய். "கருப்பா, சோறு எடுத்து வெச்சிருக்குது, திங்கறவங்க வந்து திங்கலாம்னு சொல்லு" என்பாள் அவள். "கருப்பா, கொழம்புல புளி தூக்கலா இருக்குதுன்னு சொல்லு" என்பேன் நான். கருப்பன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து வாலை ஆட்டும். இப்படியே மாதக்கணக்கில் குடும்பம் நடத்தலாம். நடத்தியிருக்கிறோம்.

இங்கே கருப்பன் இல்லை. அதனால் நேற்று முழுக்கத் திண்டாட்டம். இன்று அந்த வேலைக்கு ஓர் ஆள் கிடைத்தார். எங்களுக்கென்று அமர்த்தியிருக்கும் வண்டி ஓட்டுநர் ஹைதம். நாற்பது வயதிருக்கும், தொப்பையும் சிரித்த முகமும். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. அது எங்களுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

வண்டியில் ஏறியதும் பருவதம் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தொடங்கிவிட்டாள்.

"தம்பி, பின்னாடி இருக்கறவரை ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கோ. எதுருகாத்து அவருக்கு ஆகாது."

ஹைதம் தலையாட்டிவிட்டு ரேடியோவைப் போட்டார்.

"ஹைதம், எதுருகாத்தெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லீருங்க" என்றேன்.

ஹைதம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

மதியத்துக்குள் அந்த மனிதருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் எதையாவது சொன்னால் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் சொன்னால் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கருப்பனைவிட நன்றாகவே செய்தார். சாயங்காலம் விடுதி வாசலில் எங்களை இறக்கிவிடும்போது, "ஏனுங்க, டுமாரோ மார்னிங், ஓகே?" என்றார். அவரைக் கூப்பிட நான் நாளெல்லாம் சொன்ன 'ஏனுங்க' என்பதை அவர் என் பெயர் என்று நினைத்திருக்கிறார். பருவதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழைய கட்டடங்கள் பார்த்தோம். கல்படிகள் நிறைய. கொண்டைக்கடலையை மைய அரைத்து எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். என்னோடு பேசாமல் இருப்பது அவள் உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அது கடலையின் கோளாறு.

படுக்கும்போது தும்மல் வந்தது. எதிர்காற்றினால் அல்ல.

ஏப்ரல் 9, புதன், காலை

இன்று கல்யாண நாள். கோகிலா வீடியோவில் கூப்பிட்டாள். இருவரும் கட்டிலில் நெருங்கி உட்கார்ந்து, தலையோடு தலை முட்ட, பல்லெல்லாம் தெரியச் சிரித்தோம். "அப்பா, அம்மாவுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுத்தீங்களா?" என்றாள் மகள். "அதெல்லாம் கேக்கோணுமா சாமி" என்றேன். போன் அணைந்ததும் பருவதம் தள்ளி உட்கார்ந்து கழுத்தை நொடித்தாள்.

இன்று உப்பு ஏரிக்குப் போகிறோம். கடல் என்று பெயரே தவிர, பாலைவனத்துக்கு நடுவே கிடக்கும் ஏரிதானாம். அதற்குச் சாக்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்யாண நாளும் அதுவுமாகப் போகிற இடத்தைப் பார்.

தண்ணீரில் இறங்குகிறவர்கள் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்று ஹைதம் நேற்றே சொன்னார். சவரம் செய்யாமல் வெளியே கிளம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. செய்துகொண்டேன். இரண்டு முறை.

அதே நாள், மதியம்
சாக்கடல் கரை, ஈச்ச ஓலைக் கொட்டகை

ஒரு கண்ணால் எழுதுகிறேன். மற்றது திறக்க மறுக்கிறது.

மலைப்பாதையில் கீழே, கீழே, கீழே இறங்கிக்கொண்டே வந்தோம். ஓரிடத்தில் 'கடல் மட்டம்' என்று கல் நட்டிருந்தது. அதற்கும் கீழே போனது வண்டி. காது அடைத்தது. எங்கே பார்த்தாலும் மொட்டைப் பாறை, ஒரு புல் இல்லை, ஓர் ஆடு இல்லை. பிறகு திடீரென்று நீல நிறத்தில் ஏரி. கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கட்டி. அழகுதான். பக்கத்தில் இருக்கிறவளிடம் "பாரு" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டு, கொட்டாவி விட்டுச் சமாளித்தேன்.

கரையில் இறங்கியதும் ஹைதம் எனக்குப் பாடம் எடுத்தார்.

"நோ ஸ்விம், சார். நோ ஜம்ப். ஒன்லி சிட். லைக் சேர்."

நாற்காலியில் உட்காருவதுபோல் தண்ணீரில் உட்கார வேண்டுமாம். நான் யார்? பவானி ஆற்றில், வெள்ளம் போகும்போது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எதிர்நீச்சல் போட்டவன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவன். என்னிடம் வந்து 'ஒன்லி சிட்'!

பருவதம் முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்தவள் இல்லை. ஆற்றுக்குப் போனால் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு வருவாள். அவள் கோகிலா வாங்கிக் கொடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஹைதம் சொன்னபடியே மெதுவாக இறங்கி, சும்மா பின்னால் சாய்ந்தாள். மிதந்தாள். கையை ஆட்டவில்லை, காலை ஆட்டவில்லை. அவள் பாட்டுக்கு ஊஞ்சல்பலகையில் சாய்ந்த மாதிரி கிடந்தாள். ஹைதம் ஓர் அரபுச் செய்தித்தாளைக் கொடுத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டே போட்டோவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது என்று நினைக்க வேண்டாம். நீச்சலின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஓடிப்போய்க் குப்புறப் பாய்ந்தேன்.

அந்தத் தண்ணீர் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. பாய்ந்தவனை உள்ளே வாங்காமல் வெளியே துப்பியது. கால் மேலே போனது, தலை கீழே போனது. காலைக் கீழே ஊன்றலாம் என்று பார்த்தால் பின்பக்கம் மேலே வருகிறது. இடுப்பளவு ஆழத்தில், கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி சுற்றினேன். கண்ணில் உப்பு, மூக்கில் உப்பு. இரண்டு முறை மழித்த கன்னத்தில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் ஒரு தீ. பவானி ஆறு இதில் எதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"பருவதம்!" என்று கத்தினேன். கூப்பிடுவது வேறு, பேசுவது வேறு. அதனால் இதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, தவழ்ந்து கரையேறினேன். அங்கே ஆணும் பெண்ணுமாக உடம்பெல்லாம் கருப்புச் சேறு பூசிக்கொண்டு நின்றிருந்தது எனக்கு முன்பே தெரியும். சருமத்துக்கு நல்லதாம். ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. சேறு பூசிய கை. கொஞ்சம் சதைப்பிடிப்பான கை. என்னைத் தூக்கி நிறுத்தியது. ஒரு வார்த்தை பேசவில்லை.

கை கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நிற்பது இந்த உலகத்தில் வேறு யாராக இருக்க முடியும்? நானும் மனம் இளகி, கண்ணைத் திறக்காமலேயே சிறிது நேரம் பேசினேன். என்ன பேசினேன் என்ற விவரம் இங்கே தேவையில்லை. அந்தக் கை என் முதுகைத் தட்டிக் கொடுத்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னால், பத்தடி தள்ளி, பருவதத்தின் சிரிப்பு கேட்டது.

ஒரு கண்ணைத் திறந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர். போலந்து நாட்டுக்காரராம். சேறு வழிகிற பெரிய மீசை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. உப்புப் பட்டிருக்கும்.

பருவதம் உப்புக் கட்டிமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, என்னைத் தரதரவென்று நல்ல தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப் போனாள்.

"கண்ணைத் தொறங்க" என்றாள்.

பேசிவிட்டாள். அவள்தான் முதலில் பேசினாள். இதை எழுத்தில் பதிந்து வைக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்
அம்மான்

மதியம் எழுதியதில் சில விஷயங்கள் விட்டுப்போயின. இப்போது இரண்டு கண்ணும் தெரிகின்றன.

குழாயடியில் அவள் தண்ணீரை மொண்டு மொண்டு என் முகத்தில் அடித்தபடி கேட்டாள்.

"தாம்பாளத் தட்டாட்டம் இருக்குது அந்த ஆளு கை. அது என்ற கையா? முப்பத்தி நாலு வருசம் குடும்பம் பண்ணி, பொண்டாட்டி கை எதுன்னு தெரியலீங்களா உங்களுக்கு?"

"நீ எப்ப அம்மிணி எனக்குக் கை குடுத்தே?" என்றேன். "கண்ணாலத்தன்னைக்குச் சடங்கு பண்ணுன அருமைக்காரர் புடிச்சுக் குடுத்தாரு. அதுக்கப்பறம் எப்ப?"

சண்டைக்காகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, உண்மையாகத்தான் சொன்னேன். கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். சாலையைக் கடந்து நின்று திரும்பிப் பார்த்து, "வா, வா" என்று கையசைப்பேன். விசில் இருந்தால் ஊதியிருப்பேன்.

பருவதம் குழாயை மூடினாள். என் கையைப் பிடித்தாள். சுடுமணலில், உப்புக் கட்டி குத்தக் குத்த, வண்டி வரைக்கும் அப்படியே கூட்டிக்கொண்டு போனாள். எதிரே வந்த போலந்துக்காரர் எங்களைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். பருவதத்தின் உள்ளங்கை கரகரவென்று காய்ப்புக் காய்த்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

வண்டியில் இந்த முறை அவளும் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். நல்லது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மலையேற்றம் தொடங்கியதும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தம்பி ஹைதம், இவரு அந்த மீசைக்காரர்கிட்ட என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? 'அம்மிணி, அண்ணன் ஊட்டுக்குப் போயிராத. அந்த யூனிபாரத்தைப் பார்த்ததும் எனக்குக் கைகாலு ஆடிப்போச்சு, பயத்துல பொய் சொல்லிப்போட்டேன். நீ இல்லாத ஊட்டுல நான் என்னத்தப் பண்றது? மூணு நாளா ஒருத்தரும் என்னைத் திட்டல, சோறே எறங்கல'ன்னு சொன்னாருங்க. குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலைங்கற ஆளு, ஊருபேரு தெரியாத மீசைக்காரர்கிட்ட அழுதாருங்க."

என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். மூக்கடைப்பு உட்பட.

நான் வெளியே பார்த்தேன். பாறையைத் தவிர ஒன்றுமில்லை.

"அதை என்கிட்டச் சொல்லச் சொல்லுங்க தம்பி" என்றாள். "மீசைக்காரர்கிட்டச் சொன்னா எனக்குச் சேராது. அன்னைக்கு அத்தனை சனம் பார்க்க, என்னைத் திருடியாட்டம் நிக்க வெச்சாங்க. இவரு சோதனைக்குக் கழட்டுன பெல்ட்டை மாட்டிட்டு முன்னாடி போயிட்டாரு. திரும்பிக்கூடப் பார்க்கல."

பெல்ட் விஷயத்தை முதல் நாள் குறிப்பில் நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன்.

தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத ஹைதம் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப்போய், தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நடுவில் பேச ஆளில்லாமல் போயிற்று.

சொல்ல வேண்டியதையெல்லாம் போலந்துக்காரரிடம் செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது. கடைசியில், "போயிராத அம்மிணி. நான் பண்ணுனது தப்பு" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதையும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். கண் எரிந்தது, இருந்தாலும் பார்த்தேன்.

அவள் என் காதோரம் காய்ந்திருந்த உப்பை விரலால் தட்டிவிட்டாள்.

"ஏனுங்க" என்றாள் பிறகு. "கன்னம் இன்னும் எரியுதுங்களா?"

"எரியுது."

"எரியாம? மழிக்காதீங்கன்னு அந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னாரில்ல? எதைச் சொன்னா என்னைக்குக் கேட்டிருக்கீங்க? அன்னைக்கும் அப்படித்தான், அந்தத் திண்டல் கோயில் நோம்பியப்ப…"

தொடங்கிவிட்டாள். மூன்று நாள் பாக்கியும் வட்டியும் சேர்த்து, அம்மான் வரும் வரைக்கும் மூச்சு விடவில்லை. ஹைதம் திரும்பி வந்து வண்டியை எடுத்தபோது என்னைப் பார்த்து, "ஏனுங்க, குட்?" என்றார். "வெரி குட்" என்றேன்.

தலை வலிக்கிறது. காது இரைகிறது. ராத்திரி நாலு ரொட்டி தின்றேன். நீச்சல் அடித்தால் பசிக்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

மூட்டை கட்டினோம். அவள் ஐந்து பொட்டலம் கருப்புச் சேறு வாங்கியிருக்கிறாள். கோகிலாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மற்றதெல்லாம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

சத்தியமங்கலத்திலிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டார். விமான நிலையத்துக்குக் கார் அனுப்பட்டுமா என்று கேட்டார். முதல் நாளே அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாள் போல. நான் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அனுப்புண்ணா" என்றாள்.

குனிந்தவன் நிமிரவில்லை.

"ரெண்டு பேரு வர்றோம். எங்க ஊட்டுல எறக்கி உட்டுட்டு வரச் சொல்லு."

செருப்பு என் காலில்தான் இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி
விமானத்தில்

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

விமானம் கிளம்பி மேலே ஏறும்போது பயந்துகொண்டு பருவதம் என் வலது கையைப் பிடித்தாள். இப்போது தூங்குகிறாள். இன்னும் விடவில்லை.

சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுவந்தார்கள். பிரியாணி வாசனை. நல்ல பசி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.